உறவுடைய மொழிகளும் தொடர்புப் போக்குக் கணிப்பும்: முறைத் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரை

மொழிகளை ஒப்பிட்டுப் பொதுமை காணும் வகையியல் ஆய்வில் புள்ளியியல் முறைகள் இன்று பெரும் பங்கு பெற்றுள்ளன. பேசுவோர் தொகைக்கும் ஒலியன்களின் எண்ணிக்கைக்கும் தொடர்பு உண்டா, வேற்றுமை உருபுகள் மிகுந்த மொழிகளில் சொல்வரிசை நெகிழ்வாக அமைகிறதா என்பன போன்ற வினாக்களுக்கு விடை காண, நூற்றுக்கணக்கான மொழிகளின் தரவுகளைத் தொகுத்துத் தொடர்புப் போக்குக் கணிப்புச் செய்கின்றனர். கணிப்பொறி ஒரு நேர்கோட்டையும் அதன் சாய்வையும் அச்சாய்வு தற்செயலாகத் தோன்றியிருப்பதற்கான நிகழ்தகவையும் நொடியில் தந்துவிடுகிறது.

இத்தகைய முடிவுகள் ஆய்விதழ்களோடு நின்றுவிடுவதில்லை. சிறு சமுதாயங்களின் மொழிகள் இலக்கணச் சிக்கல் மிக்கவை என்றும், எதிர்காலத்தை இலக்கணத்தில் கட்டாயமாகக் குறிக்கும் மொழியினர் குறைவாகச் சேமிக்கின்றனர் என்றும் வரும் செய்திகள் பொதுமக்களிடமும் கல்வியாளரிடமும் எளிதில் சென்று சேர்கின்றன. ஒரு மொழியைப் பற்றிய கூற்று அதைப் பேசுவோரைப் பற்றிய கூற்றாகவும் மாறிவிடுகிறது. ஆகவே அக்கணிப்பு எந்த முறையால் செய்யப்பட்டது என்னும் வினா புள்ளியியலாருக்கு மட்டும் உரியதன்று.

தொடர்புப் போக்குக் கணிப்பின் அடிப்படை எடுகோள்களுள் ஒன்று, ஒவ்வொரு தரவும் மற்றவற்றைச் சாராதது என்பதாகும். உயிரினங்கள் இந்த எடுகோளுக்கு உட்படுவதில்லை, மொழிகளும் உட்படுவதில்லை. பொது மூதாதையிலிருந்து வழிவந்தவை தம்முள் ஒத்திருப்பது இயல்பு. இச்சிக்கலைத் தீர்க்க உயிரியலார் கடந்த நாற்பது ஆண்டுகளில் பல முறைகளை உருவாக்கியுள்ளனர். அவற்றின் உட்கருத்து யாது, அவற்றுள் எதை எப்போது தேர்வது, மொழிகளுக்கு அவற்றைப் பயன்படுத்துகையில் எவற்றைக் கருதவேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சிக்கலின் வரலாறு

இச்சிக்கல் முதலில் எழுந்தது உயிரியலில் அன்று, மானிடவியலில் ஆகும். எட்வர்டு டைலர் முந்நூறுக்கும் மேற்பட்ட சமுதாயங்களின் திருமண, மரபுரிமை வழக்கங்களைத் தொகுத்து, அவற்றிடையே தொடர்புகள் உண்டு என்று காட்டும் கட்டுரையை இலண்டன் மானிடவியல் கழகத்தில் படித்தார். அது 1889இல் வெளியாயிற்று. அவையிலிருந்த பிரான்சிஸ் கால்டன், இச்சமுதாயங்களுள் எத்தனை தமக்குள் தொடர்பின்றித் தனித்தனியே அவ்வழக்கங்களை அடைந்தன என்று வினவினார். ஒரே மூலத்திலிருந்து பெற்ற வழக்கத்தைப் பத்து இடங்களில் எண்ணினால் அது பத்துச் சான்றாகாது என்பதே அவர் வினாவின் பொருள். இன்றும் இது 'கால்டன் சிக்கல்' என்றே வழங்குகிறது.

உயிரியலில் இதைக் கூர்மையாக எடுத்துரைத்தவர் ஜோசப் ஃபெல்சென்ஸ்டைன். 1985ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் ஒரு கற்பனை நிலையை முன்வைத்தார். நாற்பது இனங்கள் உள்ளன. அவை தொடக்கத்தில் பிரிந்த இரு பெருங்கிளைகளில் இருபது இருபதாக அமைகின்றன. ஒவ்வொரு கிளைக்குள்ளும் இனங்கள் மிக அண்மையில் பிரிந்தவை. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு பண்புகள் கிளைமரத்தின் வழியே தற்செயலாக மாறிவருகின்றன எனக் கொள்வோம். முடிவில் வரைபடத்தில் நாற்பது புள்ளிகள் இரு கொத்துகளாகத் திரளும். இரு கொத்துகளை எப்போதும் ஒரு கோட்டால் இணைக்கலாம். எளிய கணிப்பு அதை நாற்பது தரவு தாங்கும் வலுவான தொடர்பு என அறிவிக்கும். உண்மையில் நிகழ்ந்தது ஒரு பெரும்பிரிவு மட்டுமே.

இது கற்பனையில் மட்டும் நிகழ்வதன்று. கார்லண்டும் பிறரும் 1993இல் ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்த 19 பாலூட்டி இனங்களையும் குளம்புடைய 30 இனங்களையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் வாழிட எல்லைப் பரப்பை உடல் எடையோடு சேர்த்து ஒப்பிட்டனர். கிளைமரத்தின் வழியே பண்புகள் தற்செயலாக மாறுவதாகக் கொண்டு கணிப்பொறியில் பலமுறை பாவனை செய்தபோது, இரு குழுக்களின் வேறுபாட்டை ஏற்பதற்குத் தேவையான வரம்பு வழக்கமான புள்ளியியல் அட்டவணை தருவதைவிட மிக உயர்ந்து நின்றது. உணவு வேறுபாடும் கிளை வேறுபாடும் ஒரே பிரிவில் ஒன்றிக் கிடந்தமையே காரணம்.

கிளைமரம் என்னும் கருத்து மொழியியலாருக்குப் புதிதன்று. டார்வினின் நூல் 1859இல் வெளிவருவதற்கு முன்னரே, 1853இல், ஆகஸ்ட் ஷ்லைகர் இந்தோ-ஐரோப்பிய மொழிகளைக் கிளைமரமாக வரைந்து காட்டினார். மரம் நம்மிடம் முன்னரே இருந்தது; அதைக் கணிப்பினுள் கொண்டுவரும் வழியே பிற்காலத்தில் வந்தது.

3. பிழைகளுக்கிடையிலான உறவு

தொடர்புப் போக்கில் சார்ந்த மாறியின் மதிப்பு இரு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒன்று, சாரா மாறியால் விளக்கப்படுவது. மற்றொன்று, விளக்கப்படாமல் எஞ்சுவது. பின்னதை எச்சம் என்பர். எளிய மீச்சிறு வர்க்க முறை, எச்சங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்கிறது. ஓர் எச்சம் மிகையாயிருந்தால் அடுத்த எச்சமும் மிகையாயிருக்கும் எனச் சொல்ல இயலாது என்பது இதன் பொருள்.

உறவுடைய மொழிகளில் நிலைமை வேறு. ஏதோ ஒரு காரணத்தால் ஒரு மூலமொழியில் ஒலியன்கள் மிகுந்திருந்தால் அதன் வழிமொழிகள் பலவற்றிலும் அம்மிகுதி தொடரும். நாம் எடுத்துக்கொண்ட சாரா மாறி அதை விளக்காவிடின், அம்மொழிகள் அனைத்தின் எச்சங்களும் ஒரே பக்கம் சாயும். இவ்வாறு எச்சங்கள் சேர்ந்து மாறும் அளவையே உடன்மாறுபாடு என்கிறோம்.

கிளைமரம் தெரிந்தால் உடன்மாறுபாட்டைக் கணிக்கலாம். வேரிலிருந்து நுனி வரையுள்ள நீளத்தை 1 எனக் கொள்வோம். அ, ஆ என்னும் இரு மொழிகள் அந்நீளத்தில் 0.8 வரை ஒன்றாக வந்து பின்னர் பிரிந்தன. இ என்னும் மொழி வேரிலேயே பிரிந்துவிட்டது. பண்பு சிறு சிறு அடிகளாக எத்திசையிலும் சமவாய்ப்போடு மாறுகிறது எனக் கொண்டால், அ, ஆ இரண்டின் உடன்மாறுபாடு 0.8 ஆகும், அ, இ இரண்டின் உடன்மாறுபாடு 0 ஆகும். ஒன்றாக நடந்த வழியின் நீளமே உடன்மாறுபாட்டின் அளவு. இவ்வகை மாற்றத்தைப் பிரௌனியன் இயக்கம் என வழங்குவர்.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். தமக்குள் 0.8 அளவு ஒட்டுறவுடைய 20 மொழிகளின் சராசரியைக் கணிக்கிறோம் எனில், அவை எத்தனை தனி மொழிகளுக்குச் சமம்? 20ஐ (1 + 19 × 0.8) என்பதால் வகுக்க, ஏறத்தாழ 1.2 கிடைக்கும். ஒட்டுறவு 0.4 எனின் 2.3, 0.1 எனின் 6.9. மிகச் சிறிய ஒட்டுறவுகூடச் சான்றின் எடையை மூன்றில் ஒரு பங்காக்கிவிடுகிறது.

இதிலிருந்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு மொழியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்ற முடிவுக்குச் சிலர் வருகின்றனர். அது சரியன்று. மேற்கண்ட கணக்கு சராசரிக்கு உரியது. இரு மாறிகளின் தொடர்புக்கு உரியதன்று. தொடர்பைப் பொறுத்தவரை நெருங்கிய உறவுமொழிகளே சில வேளைகளில் சிறந்த சான்றாகின்றன. இதை அடுத்த பகுதி விளக்கும்.

4. நிலைகளை விடுத்து மாற்றங்களை ஒப்பிடல்

ஃபெல்சென்ஸ்டைன் கண்ட தீர்வு எளிமையானது. மொழிகளின் மதிப்புகளை ஒப்பிடாமல், கிளைமரத்தின் ஒவ்வொரு கவட்டிலும் பிரிந்த இரு கிளைகளின் வேறுபாட்டை ஒப்பிட வேண்டும். ஒரு கவட்டில் நிகழ்ந்த வேறுபாடு மற்றொரு கவட்டில் நிகழ்ந்ததைச் சாராது. இருபது மொழிகள் கொண்ட, எல்லாக் கவடுகளும் இரண்டாகப் பிரியும் மரத்திலிருந்து பத்தொன்பது சார்பற்ற வேறுபாடுகள் கிடைக்கும். சான்றுகள் பெரும்பாலும் இழக்கப்படவில்லை. அவற்றின் தன்மை மட்டும் மாறியுள்ளது.

ஒவ்வொரு வேறுபாட்டையும் அது தோன்ற எடுத்துக்கொண்ட காலத்தைக் கருதி நெறிப்படுத்த வேண்டும். இரு கிளைகளின் நீளங்களைக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தால் வேறுபாட்டை வகுப்பர். சான்றாக, 900 ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரு மொழிகள் ஒரு பண்பில் 3 அலகு வேறுபடுகின்றன. ஆயிரம் ஆண்டை ஓர் அலகாகக் கொண்டால், 1.8இன் வர்க்கமூலமான 1.34ஆல் 3ஐ வகுக்க 2.24 கிடைக்கும். 4,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்த வேறு இரு மொழிகளும் அதே 3 அலகு வேறுபட்டால், 8இன் வர்க்கமூலமான 2.83ஆல் வகுக்க 1.06 மட்டுமே கிடைக்கும். குறுகிய காலத்தில் நிகழ்ந்த மாற்றம் மிகுந்த எடை பெறுகிறது.

திராவிட மொழிகளில் இதன் பொருத்தத்தைக் காணலாம். தமிழில் வினைமுற்று எழுவாயின் திணை, பால், எண், இடங்களைக் காட்டும்: வந்தான், வந்தாள், வந்தது. மலையாளத்தில் இம்மூன்றுக்கும் ஒரே வடிவமே வழங்குகிறது. நெருங்கிய உறவுடைய இரு மொழிகளுள் ஒன்று இவ்விகுதிகளை இழந்துள்ளது. இவ்விகுதி இழப்பு, எழுவாய் வெளிப்படையாக வருவதை மிகுவிக்கிறதா என்று ஆராய்வோருக்கு இவ்விணை அரிய சான்றாகும். பிற இலக்கணக் கூறுகள் பலவற்றில் இரு மொழிகளும் ஒத்திருப்பதால் ஒப்பீடு தூய்மையாக அமைகிறது. 'குடும்பத்துக்கு ஒரு மொழி' என்னும் விதியைக் கடைப்பிடித்திருந்தால் இச்சான்று நமக்குக் கிடைத்திராது.

மாறாக, வினை இறுதியில் வரும் சொல்வரிசையைக் கருதுவோம். திராவிட மொழிகள் இதில் பெரிதும் ஒருமித்தவை. இக்குடும்பத்தில் எத்தனை மொழிகளைச் சேர்த்தாலும் சொல்வரிசை மாற்றத்தைப் பற்றிய சான்று மிகுவதில்லை. மாற்றம் நிகழாமையே சான்றாக நிற்கிறது. ஆக, ஒரே குடும்பம் ஒரு பண்புக்கு வளமான சான்றாகவும் மற்றொரு பண்புக்கு வறிய சான்றாகவும் அமையலாம்.

5. கிளைவழிப் பொது மீச்சிறு வர்க்க முறை

மேற்கூறிய வேறுபாட்டு முறையைப் பொதுமைப்படுத்தியவர்களுள் கிராஃபென் (1989) குறிப்பிடத்தக்கவர். கிளைமரத்திலிருந்து பெற்ற உடன்மாறுபாடுகளை ஓர் அணியாக அமைத்து, அவ்வணியைத் தொடர்புப் போக்குக் கணிப்பினுள் நேரடியாகச் சேர்க்கும் முறை இது. பிரௌனியன் இயக்கத்தை ஏற்றுக்கொண்டால் இம்முறையும் சார்பற்ற வேறுபாட்டு முறையும் ஒரே சாய்வைத் தரும் என்று புளோம்பெர்கும் பிறரும் 2012இல் நிறுவினர். ஆகவே இவ்விரண்டுள் எது சிறந்தது என்னும் வாதம் தேவையற்றது. ஆனால் பொது முறையில் உடன்மாறுபாட்டு அணியை மாற்றியமைக்க இடமுண்டு. அதுவே அதன் சிறப்பு.

மாற்றியமைக்கும் வழிகளுள் பெரிதும் பயன்படுவது பேகல் 1999இல் விளக்கிய லாம்டா என்னும் கெழு ஆகும். அணியின் மூலைவிட்டத்துக்கு வெளியேயுள்ள எண்கள் அனைத்தும் இதனால் பெருக்கப்படும். லாம்டா 1 எனில் மரம் அப்படியே ஏற்கப்படுகிறது. 0 எனில் எல்லா மொழிகளும் உறவற்றவையாகக் கொள்ளப்படும். அப்போது நுனிகள் அனைத்தும் வேரிலிருந்து ஒரே தொலைவில் இருப்பின் கணிப்பு எளிய மீச்சிறு வர்க்க முறையாகவே ஆகிவிடுகிறது. 0.5 எனில் முன்னைய எடுத்துக்காட்டில் அ, ஆ இரண்டின் உடன்மாறுபாடு 0.8இலிருந்து 0.4 ஆகக் குறையும். லாம்டாவை ஆய்வாளர் தம் விருப்பப்படி வைப்பதில்லை. தரவோடு மிகப் பொருந்தும் மதிப்பைக் கணிப்பே சாய்வோடு சேர்த்துக் கண்டறிகிறது.

இதனால் ஒரு பழைய வழக்காடல் முடிவுக்கு வருகிறது. உறவைக் கருதவேண்டுமா வேண்டாவா என்று ஆய்வுக்கு முன்னரே முடிவு செய்ய வேண்டியதில்லை. உறவின் தடம் இருந்தால் லாம்டா உயரும், இல்லையேல் தாழும். ஆனால் இருபது, முப்பது மொழிகளே கொண்ட தொகுதியில் லாம்டாவின் மதிப்பீடு உறுதியற்றது. அங்கு ஓர் எண்ணை மட்டும் தராமல் அதன் நம்பிக்கை இடைவெளியையும் தருவது கடமையாகும்.

6. உறவின் தடம் எங்கே தேடப்படவேண்டும்?

முறைத் தேர்வில் மிகுதியாக நேரும் குழப்பம் இங்கேதான் உள்ளது. சார்ந்த மாறியைத் தனியே எடுத்து, அதில் உறவின் தடம் உண்டா என்று சோதித்து, உண்டெனில் கிளைவழி முறையையும் இல்லையெனில் எளிய முறையையும் சிலர் தேர்கின்றனர். வேறு சிலர் சாரா மாறியைச் சோதிக்கின்றனர். இரண்டும் பொருந்தா. தொடர்புப் போக்கின் எடுகோள் எச்சங்களைப் பற்றியது, மாறிகளைப் பற்றியதன்று. ரெவெல் 2010இல் கணிப்பொறிப் பாவனைகளின் வழி இதைத் தெளிவாக்கினார்.

இரு எல்லை நிலைகளைக் கருதினால் இது விளங்கும். முதலாவதாக, இரு மாறிகளிலும் உறவின் தடம் மிக வலுவாக இருக்கலாம். ஆயினும் சாரா மாறியே சார்ந்த மாறியை முழுதும் ஆளுகிறது எனில், எஞ்சும் பகுதியில் உறவின் தடம் இராது. அளவைப் பிழை போன்ற தனிப்பிழைகளே அங்கு எஞ்சும். அந்நிலையில் எளிய முறையே தக்கது. லாம்டாவை 1 என நிலைநிறுத்திக் கணித்தால் முடிவு நலிவுறும். இரண்டாவதாக, சாரா மாறி மொழிதோறும் தற்செயலாக வேறுபட்டாலும், அது விளக்காத பகுதியில் குடும்ப மரபு செறிந்திருக்கலாம். அங்கு கிளைவழி முறை இன்றியமையாதது.

எனவே மாறிகளைத் தனித்தனியே சோதித்து முறையைத் தேர்தல் கூடாது. லாம்டாவையும் சாய்வையும் ஒருங்கே மதிப்பிட்டு, பின்னர் எச்சங்களைப் பார்வையிடவேண்டும். இதுவே இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் முதன்மைக் கருத்து.

7. பிற மாதிரிகள்

பிரௌனியன் இயக்கத்தில் பண்பு கட்டுப்பாடின்றி எங்கும் செல்லலாம். மொழிப் பண்புகள் பல அவ்வாறு செல்வதில்லை. ஒலியன்களின் எண்ணிக்கை மிகக் குறையவும் மிக உயரவும் இயலாது. நடுவிடம் நோக்கி ஓர் ஈர்ப்பு இருக்கக்கூடும். இத்தகைய ஈர்ப்பைக் கொண்ட மாதிரியை ஆர்ன்ஸ்டைன்-ஊலென்பெக் மாதிரி என்பர். மார்ட்டின்சும் ஹேன்சனும் 1997இல் இதனைத் தொடர்புப் போக்கில் இணைக்கும் வழியைக் காட்டினர். இதில் பிரிந்த பின் கடந்த காலம் மிகுந்தோறும் உறவின் தடம் விரைந்து தேயும். ஆனால் சிறு தொகுதிகளிலும் அளவைப் பிழை மிகுந்த தரவுகளிலும் இம்மாதிரி தவறாகவே சிறந்ததெனத் தேறிவிடும் என்று கூப்பரும் பிறரும் 2016இல் எச்சரித்துள்ளனர்.

சார்ந்த மாறி 'உண்டு', 'இல்லை' என்னும் இரு நிலைகளை மட்டும் கொண்டதாயின் நேர்கோட்டு முறை பொருந்தாது. மொழியியல் தரவுகளுள் பெரும்பாலானவை இவ்வகையினவே. இதற்குரிய கிளைவழி இருநிலைத் தொடர்புப் போக்கை ஐவ்சும் கார்லண்டும் 2010இல் அளித்தனர். கிளைவழிக் கலப்பு மாதிரிகளும் இப்பணிக்கு உதவும்.

மொழியியலில் பரவலாகியுள்ளது, மொழிக்குடும்பத்தைச் சமவாய்ப்பு விளைவாகக் கொள்ளும் எளிய கலப்பு மாதிரி ஆகும். ஜேகரும் பிறரும் 2011இல் வகையியலுக்கு இதைப் பரிந்துரைத்தனர். உலக மொழிகள் அனைத்தையும் இணைக்கும் மரம் இதற்குத் தேவையில்லை என்பது பெருநன்மை. எதிர்கால இலக்கணத்தையும் சேமிப்பையும் இணைத்த கீத் சென்னின் முடிவு (2013) இவ்வகை மாதிரியால் மறுஆய்வு செய்யப்பட்டது. சென்னும் ஓர் ஆசிரியராகப் பங்கேற்ற 2015ஆம் ஆண்டுக் கட்டுரையில், மொழிகளின் வரலாற்று உறவையும் இடத்தையும் கருதிய கலப்பு மாதிரியில் அத்தொடர்பு நிலைக்கவில்லை. தம் கருதுகோளைத் தாமே கடுமையான சோதனைக்கு உட்படுத்திய இச்செயல் போற்றத்தக்கது.

எனினும் இம்மாதிரியின் எல்லையை உணரவேண்டும். ஒரு குடும்பத்தின் எந்த இரு மொழிகளும் ஒரே அளவு உறவுடையவை என்று அது கொள்கிறது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் உள்ள உறவும், தமிழுக்கும் பலுசித்தானப் பிராகூயிக்கும் உள்ள உறவும் அதற்கு ஒன்றே. கோலிபாக்கமும் பிறரும் 2018இல் 20 திராவிட மொழிகளின் சொற்களைக் கொண்டு வரைந்த கிளைமரம் இக்குடும்பத்துக்கு ஏறத்தாழ 4,500 ஆண்டு வயது கணிக்கிறது. அத்தகைய மரம் கிடைக்கும்போது அதைப் புறக்கணிக்கக் காரணமில்லை. ஆயினும் ஒரே மரத்தை நம்பாமல், நிகழக்கூடிய மரங்கள் பலவற்றின் மீதும் கணிப்பை நடத்திக் காண்பதே முறை. கிளை நீளங்கள் தெரியாத இடத்தில், கிளையின் வழிவந்தவற்றின் எண்ணிக்கையைக் கொண்டு நீளம் அமைக்கும் கிராஃபெனின் உத்தி தற்காலிகத் துணையாகும்.

8. அண்டை மொழிகளின் தாக்கம்

உயிரினங்களைவிட மொழிகள் தம்முள் மிகுதியாகக் கொடுத்து வாங்குகின்றன. இந்தியாவை ஒரு மொழிப் பரப்பாக எமனோ 1956இல் விளக்கியதை இவ்விதழின் வாசகர் அறிவர். வளைநா ஒலிகள், வினை இறுதிச் சொல்வரிசை போன்றவை குடும்ப எல்லையைக் கடந்து பரவியுள்ளன. தெலுங்கும் மராத்தியும் கிளைமரத்தில் தொடர்பற்றவை. எனவே மரம் மட்டும் அறிந்த கணிப்பு அவற்றை இரு தனிச் சான்றுகளாக எண்ணும். மகாராட்டிரத்தின் குப்வார் சிற்றூரில் கன்னடம், மராத்தி, உருது ஆகியன இலக்கண அமைப்பில் எவ்வளவு நெருங்கிவந்துள்ளன என்று கம்பர்சும் வில்சனும் 1971இல் காட்டியதை நினைவுகூர்ந்தால் அவ்வெண்ணிக்கையின் குறை புலனாகும்.

ஆகவே மொழி ஆய்வில் இரண்டு உடன்மாறுபாட்டு அணிகள் தேவைப்படுகின்றன. ஒன்று கிளைமரத்திலிருந்து பெறப்படுவது. மற்றொன்று மொழிகள் வழங்கும் இடங்களின் தொலைவிலிருந்து பெறப்படுவது. இதில் தொலைவு மிகுந்தோறும் உடன்மாறுபாடு குறையும். உறவுமொழிகள் பெரும்பாலும் அருகருகே வழங்குவதால் இவ்விரு விளைவுகளையும் முற்றப் பிரித்தல் அரிது. ஆயினும் இரண்டையும் சேர்த்த மாதிரி, ஒன்றை மட்டும் கொண்டதைவிட நேர்மையான திட்டப்பிழையைத் தருகிறது.

9. ஒரு சான்றாய்வு: பேசுவோர் தொகையும் இலக்கணச் சிக்கலும்

லூப்யனும் டேலும் 2010இல் 2,236 மொழிகளின் தரவுகளை ஆராய்ந்து, பேசுவோர் தொகை மிகுந்த மொழிகளில் சொல்லுருபியல் எளிமையாக உள்ளது என்று முடிவு கூறினர். பிறமொழியாளர் பலர் வயதுவந்த பின் கற்கும்போது சிக்கலான உருபுகள் தேய்கின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். விளக்கம் நயமானது, பலரால் ஏற்கவும் பட்டது. எனினும் பெருந்தொகையினரின் மொழிகள் சில குடும்பங்களிலேயே குவிந்துள்ளன. பேரரசு, வணிகம், வேளாண்மை விரிவு ஆகியவற்றால் பரவிய சில குடும்பங்களின் இலக்கண மரபு எளிமையாக அமைந்திருப்பின், தொகைக்கும் எளிமைக்கும் காரண உறவு இன்றியே தொடர்பு தோன்றக்கூடும்.

ஷெர்பகோவாவும் பிறரும் 2023இல் கிராம்பேங்க் தரவுத்தளத்திலிருந்து 1,314 மொழிகளை எடுத்து இக்கருதுகோளை மீண்டும் சோதித்தனர். சிக்கலை அவர்கள் ஒரே அளவாகக் கொள்ளவில்லை. சொல்லோடு ஒட்டும் உருபுகளின் மிகுதி ஒன்று. இலக்கணத்தில் கட்டாயமாக வெளிப்படுத்தப்படும் வேறுபாடுகளின் மிகுதி மற்றொன்று. தாய்மொழியாளர் தொகை, பிறமொழியாளர் விகிதம், அண்டை மொழிகளின் எண்ணிக்கை, மொழியின் அலுவல் நிலை முதலியன சாரா மாறிகள். உலகக் கிளைமரமும் இடப்பரவலும் மாதிரியில் இணைக்கப்பட்டன. அந்நியர் மிகுந்த சமுதாயத்தின் மொழி எளிமையடையும் என்னும் கருதுகோளுக்கு இக்கணிப்பில் ஆதரவு கிட்டவில்லை. மொழிகளின் சிக்கல் வேறுபாட்டை விளக்குவதில் மரபும் இடமுமே பெரும்பங்கு வகித்தன.

கருதுகோள் பொய்யென்று இதனால் முற்ற நிறுவப்படவில்லை என்பதையும் கூறவேண்டும். தனிமொழிகளின் வரலாற்றில் பிறமொழியாளர் தாக்கம் உருபுகளைத் தேய்த்திருக்கலாம். உலகளாவிய பொதுப்போக்காக அதைக் கூறப் போதிய சான்றில்லை என்பதே கணிப்பின் முடிவு. நீலகிரியின் தோடர் மொழி போன்ற சிறு மொழிகளின் சிக்கலை அவற்றின் தொகைச் சிறுமையால் விளக்க முனைவோர், அச்சிக்கலில் எவ்வளவு தென்திராவிட மரபிலிருந்து வந்தது, எவ்வளவு பிரிந்த பின் தோன்றியது என்று முதலில் வேறுபடுத்திக் காணவேண்டும்.

10. முறைகளால் தீராத ஒன்று

எந்தக் கிளைவழி முறையும் ஒற்றை நிகழ்வைப் பல நிகழ்வாக்காது. பாலூட்டிகள் அனைத்துக்கும் உரோமம் உண்டு. நடுச்செவியில் மூன்று எலும்புகளும் உண்டு. இரண்டும் மூதாதையிடம் தோன்றி வழிவழியாக வந்தவை. இவை தம்முள் காரணத் தொடர்புடையவை என்று கூற நம்மிடம் ஒரே ஒரு சான்றே உண்டு. ஆயினும் இருநிலைப் பண்புகளுக்கான வழக்கமான கிளைவழிச் சோதனைகள் இதனை வலுவான தொடர்பாகக் காட்டிவிடும் என்று மேடிசனும் ஃபிட்ஜானும் 2015இல் சுட்டினர். தொடர்புப் போக்கிலும் ஒரு பழங்காலக் கவட்டில் நேர்ந்த பெருந்தாவல் முழுச் சாய்வையும் ஆட்டிவைக்கலாம். 2018இல் உயேடாவும் பிறரும் இதையே பொதுநிலையில் விரித்துரைத்தனர்.

சொல்வரிசை ஆய்வில் டன்னும் பிறரும் 2011இல் ஆஸ்திரோனேசியம், இந்தோ-ஐரோப்பியம், பாண்டு, உட்டோ-அஸ்தெக்கு ஆகிய நான்கு குடும்பங்களைத் தனித்தனியே ஆராய்ந்து, தொடர்புகள் குடும்பந்தோறும் வேறுபடுகின்றன என்றனர். இம்முடிவு கடும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. எனினும் ஒரு தொடர்பு எத்தனை குடும்பங்களில் தனித்தனியே காணப்படுகிறது என்று கேட்கும் பழக்கத்தை அது நிலைபெறச் செய்தது.

11. தேர்வு நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் நெறிகளைத் தொகுத்துரைக்கலாம்.

(அ) சார்ந்த மாறி தொடர் எண்ணா, இருநிலையா, எண்ணிக்கையா என்பதை முதலில் தீர்மானித்து, அதற்குரிய தொடர்புப் போக்கு வகையைத் தேர்க.

(ஆ) கிளை நீளத்துடன் கூடிய மரம் கிடைப்பின் கிளைவழி முறையை மேற்கொள்க. மரங்கள் பலவற்றின் மீது முடிவைச் சரிபார்க்க. மரம் இல்லையெனில் குடும்பத்தையும் உட்கிளையையும் அடுக்கடுக்கான சமவாய்ப்பு விளைவுகளாகக் கொள்க.

(இ) லாம்டாவைச் சாய்வோடு சேர்த்து மதிப்பிடுக. மாறிகளைத் தனியே சோதித்து முறையைத் தேர்தல் வேண்டா.

(ஈ) இடத்தொலைவை இரண்டாவது உடன்மாறுபாடாகச் சேர்க்க.

(உ) ஒரு குடும்பத்தை, அல்லது ஒரு பெரும்பிரிவை, நீக்கிவிட்டு மீண்டும் கணிக்க. சாய்வு மறைந்துவிட்டால் அது அப்பிரிவின் வரலாறே அன்றிப் பொதுமை அன்று.

(ஊ) எளிய முறையின் முடிவையும் கிளைவழி முறையின் முடிவையும் அருகருகே தருக. இரண்டும் வேறுபடும் இடத்திலேயே வரலாறு பற்றிய செய்தி உள்ளது.

இக்கணிப்புகளுக்கான நிரல் தொகுப்புகள் 'ஆர்' என்னும் கட்டற்ற கணிப்பொறி மொழியில் இலவசமாகக் கிடைக்கின்றன. கருவி எளிதாகக் கிடைப்பதால் தேர்வின் பொறுப்பு குறைவதில்லை.

12. முடிவுரை

தொடர்புப் போக்கு முறையைத் தேர்வது, மொழிகள் எவ்வாறு மாறின, அவற்றின் ஒற்றுமை எங்கிருந்து வந்தது என்பது பற்றிய ஒரு கருதுகோளைத் தேர்வதாகும். எளிய முறையைத் தேர்ந்தவர், எஞ்சிய வேறுபாடுகளில் மரபுக்கு இடமில்லை என்று கூறியவராகிறார். லாம்டாவை 1 என நிறுத்தியவர், எஞ்சியவை அனைத்தும் மரபின் வழியே வந்தன என்று கூறியவராகிறார். தரவைக் கேட்டு இரண்டுக்கும் இடையில் தக்க இடத்தைக் காண்பதே முறையான வழி.

ஒப்பிலக்கணம் மொழிகளின் உறவை நிறுவிய துறை. அவ்வுறவை மறந்துவிட்டு மொழிகளைத் தனித்தனித் தரவுகளாக எண்ணும் கணிப்பு, நம் துறை ஈட்டிய அறிவையே ஒதுக்கிவைப்பதாகும். மொழிகளைப் பற்றியும் அவற்றைப் பேசுவோரைப் பற்றியும் உலகளாவிய கூற்றுகளை ஏற்கும் முன்பும், மொழிபெயர்க்கும் முன்பும், எத்தனை மொழிகள் எண்ணப்பட்டன என்று கேட்பதோடு அமையாமல், எத்தனை மாற்றங்கள் எண்ணப்பட்டன என்றும் கேட்கவேண்டும்.